புடவைக்கு அடியில் பன்னிரண்டு தோட்டா

முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன் — என் மகளின் கல்யாணப் புடவை வெடிக்கப்போகிறது என்று மூன்று நாள் மனதார நம்பினேன்.

சிரிக்காதீர்கள். சிரிக்கிற வேலையை வீட்டிலேயே செய்துவிட்டார்கள்.

போன திங்கட்கிழமை, பிள்ளையார்பாளையத்தில் நெசவாளி ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். முகூர்த்தத்துக்குப் பத்தே நாள். புடவை எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்து வரச்சொல்லி மனைவியின் உத்தரவு. அரக்கு நிற உடல், பார்டரில் வரிசையாக அன்னம். ரசித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். நான் குனிந்து கீழே பார்த்தேன்!

டிசைன் விழுவதற்குத் தறியின் தலையில் ஒரு பெட்டி. அதிலிருந்து நூற்றுக்கணக்கான கயிறுகள் இறங்கும். தூக்கிய இழை மறுபடி கீழே வருவதற்காக, ஒவ்வொரு கயிற்றின் அடியிலும் ஓர் இரும்புக் கம்பி எடையாகத் தொங்கும். அந்தக் கம்பிகளுக்கு நடுவே பளபளவென்று பன்னிரண்டு பித்தளைச் சாமான். மேலே விளிம்பு, குண்டு உடம்பு, ஒடுங்கிய கழுத்து, கூர் மூக்கு...

தோட்டா!

"ஏகாம்பரம்... என்ன இது?"

"அதுவா சார்? கம்பி துருப்புடிச்சி உதிர்ந்துக்கினு இருந்திச்சி. வாலாஜாபாத் சந்தையில பழைய சாமான்காரன்கிட்ட வாங்கினேன். ஜரிகைத் தராசுல போட்டுப் பார்த்தா, கம்பிக்குச் சரியா இருக்குது. விளிம்பு வேற இருக்குதா, முடிச்சி நழுவாது."

"இது சுடுற சாமான்பா!"

"நான் எங்க சார் சுடறேன்? கட்டித்தான வெச்சிருக்கேன்?" என்றபடி மிதியை மிதித்தார். பன்னிரண்டும் குதித்தன. நானும் குதித்தேன்.

போலீசுக்குப் போகலாமா? போனால் தறியையே தூக்கிக்கொண்டு போவார்கள். முகூர்த்தத்தில் மகள் எதைக் கட்டுவாள் — பறிமுதல் ரசீதையா? முதலில் இது என்ன ரகம் என்று தெரிந்துகொள்வோம் என்று, ஏகாம்பரம் எனக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போன நேரத்தில் ஒன்றை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் அதன் மூக்கு என் தாடையைப் பார்த்தது. தலைகீழாக வைத்தேன், வயிற்றைப் பார்த்தது. வயிறு பரவாயில்லை என்று முடிவு செய்தேன்.

நம் ஊரில் ஒரு பொருள் என்னவென்று கேட்டுப் பாருங்களேன்! பாத்திரக்கடைக்காரர், "செட்டா கிடைக்குமா?" என்றார். பக்கத்து வீட்டு கிளார்க், "எதிரி நாட்டு உளவாளி சாமான் சார், கையால தொடாதீங்க" என்றார் — என் கையிலிருந்து வாங்கி உருட்டிக்கொண்டே. மனைவியோ, "பந்தல்காரனைப் பாக்கச் சொன்னா பட்டாளத்தைத் தேடிக்கினு அலையறீங்களே!" என்றாள்.

கடைசியில் செவிலிமேட்டில் ஒரு ரிட்டயர்டு ஹவில்தாரைப் பிடித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடிப்பாகத்தைப் படித்தார்.

"303-ன்னு அடிச்சிருக்குது. பட்டாளத்துச் சரக்கு."

நான் நாற்காலியோடு இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அவரோ ஞாபகத்துக்காக வைத்திருந்த காலி 303 ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் நிறுத்தினார்.

"அடி ரெண்டும் அண்ணன் தம்பி. கழுத்துதான் பக்கத்து வீட்டு ஜாடை. இம்மாம் சின்ன குண்டு பட்டாளத்துத் துப்பாக்கியில போவாது சார்."

"அப்போ எந்தக் கம்பெனி?"

"கம்பெனியே கிடையாது. எவனோ வேட்டைக்காரத் துரை, 303 கூட்டை எடுத்துக் கழுத்த நெருக்கி, சின்ன குண்டா சொருகி, தன் துப்பாக்கிக்குன்னு தனியா பண்ணிக்கினு இருந்திருக்கான். காட்டுப்பூனைன்னுவாங்க வெள்ளக்காரங்க. எந்த லிஸ்ட்லயும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது."

"பூனை இருக்கட்டும்... வெடிக்குமா?"

"பின்னாடி நடுவுல பொட்டு மாதிரி ஒரு மூடி இருக்கணும். அங்கதான் நெருப்பு பிடிக்கும். இதுல என்ன இருக்குது?"

"ஓட்டை."

"அவ்ளோதான். அளவு பாக்கறதுக்காக செஞ்சது. உள்ள மருந்தே கிடையாது."

மூன்று நாளாக அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டேதான் பயந்திருக்கிறேன். மிச்சம் பதினொன்று? வியாழக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். ஹவில்தார் தறிக்கடியில் குந்தி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் ஓட்டை. நான் விட்ட பெருமூச்சில் பாவு நூலே ஆடியிருக்கும்!

ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை.

"பன்னெண்டு கட்டினேன் சார். நேத்துதான் பார்த்தேன், பதினொண்ணுதான் இருக்குது. எலி இழுத்துக்கினு போச்சோன்னு வீடெல்லாம் தேடிட்டேன்."

பையிலிருந்து பன்னிரண்டாவதை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"ஓ... எலி சட்டை போட்டுக்கினு வந்திச்சா?" என்றார். நெய்து சுற்றியிருந்த புடவையைப் பிரித்துக் காட்டினார். "எடை இல்லாத இழை தூக்கினது தூக்கினபடியே நின்னுடிச்சி சார், அந்த எடத்துல டிசைனே விழல. ஜரிகையைப் பிரிச்சா பட்டு பாழாப்பூடும். இன்னொண்ணு நெய்யவும் நாள் இல்ல. நீங்களே வீட்ல சொல்லிடுங்க."

வெடித்தது எதுவும் இல்லை. என் மகளின் கல்யாணப் புடவையில், திங்கட்கிழமையிலிருந்து நெய்த ஒன்றரை முழத்துக்கு, ஓர் அன்னத்துக்கும் கண் இல்லை.