தீட்டு நாளில் ஒரு தரிசனம்

கழக்கூட்டம் என்கிற ஊரில், ஒரு கணினி நிறுவனத்தில் எனக்கு வேலை. இல்லாத இடத்தைக் கட்டி, கண்ணில் கருவி மாட்டியவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது. மெய்நிகர் உலகம் என்கிறார்கள். அதன் சரித்திரம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கண்ணுக்கு ஒன்றாக இரண்டு படங்களை வைத்து ஆழம் காட்டிய பழைய பெட்டி. நாற்காலி குலுங்க, முகத்தில் காற்றடிக்க, வாசனைகூட வந்த ஒற்றை ஆள் சினிமா. தலை திரும்பினால் காட்சியும் திரும்பும், கனம் தாங்காமல் கூரையிலிருந்து தொங்கவிட்ட கருவி. "இத்தனை பேரும் ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான். உட்கார்ந்திருப்பவர், தான் அங்கேயே போய்விட்டதாக நம்ப வேண்டும்" என்று கூட்டங்களில் சொல்லிக் கைதட்டல் வாங்குவேன். கொஞ்சம் அலட்டலும் உண்டு.

போன வருஷம் திருநெல்வேலிப் பக்கத்து அம்மன் கோயில் ஒன்றை அப்படிக் கட்டினோம். அம்மா பிறந்த ஊர்க் கோயில். அதைப் பார்த்து யாராவது உருகுகிற மாதிரி ஒரு வீடியோ வேண்டும் என்றார் மேலாளர். அந்த வாரம்தான் பெரியப்பா தவறிப்போயிருந்தார். வீட்டில் பத்து நாள் தீட்டு. ஒரு நாள்கூடக் கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டாத அம்மா, விளக்குகூட ஏற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

கருவியை நீட்டினேன்.

"இதென்னதுடா, குதிரைக்கு மாட்டற மாதிரி?"

"சும்மா மாட்டிக்கோம்மா. ஒரு தோட்டம் தெரியும்."

கோயில் நந்தவனத்தில் தொடங்கி, மெல்ல உள்ளே நகர்த்தினேன். பிராகாரம் வந்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். அம்மன் முன்னால் வந்ததும் கைகூப்பி, "தாயே" என்று அழத் தொடங்கினாள். நான் ஃபோனில் பிடித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று கருவியைக் கழற்றி மடியில் போட்டாள்.

"தீட்டோட என்னைச் சந்நிதில கொண்டு நிறுத்திட்டயேடா, பாவி!"

"நீ நாற்காலியை விட்டு எழுந்துக்கவே இல்லையேம்மா. வெறும் படமாக்கும்."

"போகலைன்னா நான் எதுக்குடா அழுதேன்?"

பதில் எனக்குத் தெரியும். கூட்டங்களில் சொல்வதுதான். அம்மா எழுந்து போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஆனாலும் வீடியோவை அனுப்பினேன். மேலாளருக்குப் பரம திருப்தி.

தீட்டுக் கழிந்ததும், ஊருக்குப் போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அழைத்துப் போனேன். நிஜச் சந்நிதியில் நாங்கள் கட்டாமல் விட்ட எண்ணெய்ப் பிசுக்கும் நெரிசலும் இருந்தன. அம்மா எப்படியோ முன்னால் போய் நின்று, கன்னத்தில் மாறிமாறிப் போட்டுக்கொண்டாள்.

"கொழந்தை தெரியாம பண்ணிட்டான். அவனை ஒண்ணும் பண்ணிடாதே, தாயே."

தெரியாமலா? தோட்டம் என்று பொய் சொன்னவன் நான். அழுவாள் என்று தெரிந்துதான் ஃபோனுக்கு முன்கூட்டியே சார்ஜ் ஏற்றி வைத்திருந்தேன். அதை அங்கேயே அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். நானும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.