அரை ஷிப்டில் வரும் வலி

பன்றிக்குக் காய்ச்சல் வந்தால் அது தும்முமா? அந்த வருஷம் எனக்கு இருந்த பெரிய சந்தேகம் அதுதான். இரண்டாயிரத்துப் பத்து, ஆடி மாதம் என்று பேத்தி சொல்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள், நான் கைநாட்டு. எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப் முழுக்கப் பன்றிக் காய்ச்சல் என்று ஒரே பேச்சு. மார்க்கெட்டில் பாதிப் பேர் மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சாக்கடையோரம் நாலைந்து பன்றிகள் எப்போதும் கிடக்கும். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு நாள் காலை முழுக்கத் தள்ளி நின்று பார்த்தேன். ஒன்றுகூடத் தும்மவில்லை. நன்றாகத் தின்றுகொண்டுதான் இருந்தன. என் மகன் வந்து, வேறு வேலை இல்லையா என்று கேட்டு வீட்டுக்கு ஓட்டிவந்தான்.

வேலை இருக்கத்தான் இருந்தது. இனிமேல் குணமாகாது என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற ஒரு சின்னக் குழு எங்கள் ஊரில் உண்டு. ஒரு டாக்டர், ஒரு நர்ஸம்மா, ஒரு வேன், அதை ஓட்டுகிறவர், அப்புறம் நான். என் வீட்டுக்காரர் வாயில் ஆறாத புண் வந்து கிடந்தபோது அவர்கள்தான் வந்து வந்து பார்த்தார்கள். அவர் போன பிறகு, புண்ணைப் பார்த்து முகம் சுளிக்காத ஆள் வேண்டும், வருகிறீர்களா என்று நர்ஸம்மா கேட்டது. போனேன். குளிப்பாட்டுவேன், தலை வாருவேன், புண் கழுவ வெந்நீர் வைப்பேன். மனுஷருக்குப் பக்கத்தில் உட்காருவதற்கு எழுத்து எதற்கு?

எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு வீட்டுக்குப் போனால் உடனே பையைத் திறக்க மாட்டோம். முதலில் உட்காருவோம். கொடுக்கிற தண்ணீரைக் குடிப்போம். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். அப்புறம்தான் மருந்து. அந்தக் காய்ச்சல் வந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டது. உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, கையைத் தொடுவதற்கு முன்னாலும் பின்னாலும் இருபது எண்ணுகிற வரை சோப்புப் போட வேண்டும். அதென்ன இருபது, பதினைந்தில் சாகாத கிருமி இருபதில் செத்துவிடுமா என்று நான் கேட்டேன். நர்ஸம்மா சிரித்துக்கொண்டே சோப்பை என் கையில் வைத்தது.

பிறகு டாக்டரைக் காய்ச்சல் வார்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். வேனையும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் நர்ஸம்மாவையும். பகலெல்லாம் காய்ச்சல்காரர்களோடு நின்றுவிட்டு, ஏற்கெனவே ஒடுங்கிக் கிடக்கிற உடம்புகளிடம் எப்படி வருவது, என் துணியிலேயே நோய் வந்துவிடும் என்று அது சொன்னது. அதனால் ஒரு யோசனை செய்தது. வீட்டுக்கு ஓர் ஆள். அந்த ஆள் அங்கேயே தங்க வேண்டும், உள்ளே வெளியே போய் வரக் கூடாது. நர்ஸம்மா போனில் சொல்லும், அந்த ஆள் கையால் செய்யும். அப்படி என் பங்குக்கு ஒரு வீடு வந்தது.

அந்த வீட்டுக்காரி மைன்ஸ் கேண்டீனில் கான்ட்ராக்டில் சமைத்தவள். ஐம்பது வயசுகூட இருக்காது. நிலம் மைன்ஸுக்குப் போனதில் அவள் புருஷனுக்குக் கன்வேயர் பெல்ட்டில் பெர்மனென்ட் வேலை கிடைத்து, குவார்ட்டர்ஸுக்கு வந்தவர்கள். அவளுக்கு மாரில் வந்த கட்டி இடுப்பு எலும்புக்கு இறங்கிவிட்டது. அதுவரை பிரசவத்துக்கு வந்திருந்த மகள்தான் மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். காய்ச்சல் என்றதும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நெல்லிக்குப்பத்துக்கு, மாமியார் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. புருஷன் ஷிப்டு பஸ்ஸில் அறுபது பேரோடு நெருக்கிக்கொண்டு போய் வருகிற மனுஷன். வந்ததும் குளிப்பார், அப்புறமும் அறைக்குள் வர மாட்டார். வாசல்படியில் நின்றே, "தின்னியா? தூங்கினியா?" என்பார். அவள், "அங்கேர்ந்து பாத்தா கண்ணு தெரியுதா ஒனக்கு?" என்பாள். முப்பது வருஷம் குடித்தனம் செய்தவர்கள், பெண் பார்க்க வந்தவர்களைப் போல அப்படிப் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். வலிக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. எல்லாக் கடையிலும் கிடைக்காது, நர்ஸம்மா கையிலிருந்துதான் வர வேண்டும். பதினைந்து நாளைக்கு உண்டானதை வேன்காரர் சைக்கிளில் வந்து கேட்டில் வைத்துவிட்டுப் போனார். நர்ஸம்மா போனில் சொன்னது: ஒரு நாளைக்கு ஐந்து வேளை, காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து. அந்தக் கடைசி வேளைக்கு மட்டும் இரண்டு மாத்திரை. சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டினேன், போனில் தெரியாது என்றாலும்.

எனக்கு மணி பார்க்கத் தெரியாது. எங்கள் ஊரில் தெரிந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை. மைன்ஸ் சங்கு ஊதும். காலை ஆறுக்கு ஒன்று, மத்தியானம் இரண்டுக்கு ஒன்று, ராத்திரி பத்துக்கு ஒன்று. சங்குக்கு உலை வைப்போம், சங்குக்குப் பிள்ளையைத் தூங்கவைப்போம். அந்தச் சங்குக்குத்தான் நானும் மாத்திரை கொடுத்தேன். சங்குக்கு ஒன்று, நாளைக்கு மூன்று.

ஐந்து வேளை என்று சொன்னது மறந்துவிட்டதா என்றால், இல்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. யோசித்துத்தான் செய்தேன். வேன் இல்லை, பதினைந்து நாள் கழித்து மாத்திரை வருமோ வராதோ யார் கண்டது. அதுவும் போதை மாத்திரை என்று பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பயமுறுத்தி இருந்தாள். அவ்வளவு பெரிய மைன்ஸே மூன்று ஷிப்டில் ஓடுகிறது, ஒரு பொம்பளை உடம்பு ஓடாதா என்று நினைத்தேன். மிச்ச மாத்திரைகளை ஒரு டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. நர்ஸம்மா போனில், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டபோதெல்லாம் போகிறது என்றேன். போய்க்கொண்டுதானே இருந்தது.

நாலு நாளில் வலி ஏறிவிட்டது. வலிக்குப் பத்து மார்க்குக்கு எத்தனை மார்க் என்று நர்ஸம்மா கேட்கும். ஐந்து என்றவள் ஏழு என்றாள், எட்டு என்றாள். போனை அவள் வாயருகே பிடித்தால் முனகல்தான் போகும். நோய் முற்றிவிட்டது என்று நர்ஸம்மா நினைத்துக்கொண்டது. டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொன்னது: வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் வேன் கிடைக்கும், புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் சொல்லியாகிவிட்டது. காய்ச்சல் நேரம் என்பதால் துணைக்கு யாரையும் விட மாட்டார்கள்.

அதைக் கேட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "ஆயா, அங்க போனா நான் திரும்பி வர மாட்டன்," என்றாள். "சாவறதுக்கு அழுவல. மூஞ்சிய மூடிகினு நிக்கறவங்களுக்கு நடுவுல, யாரு என்னான்னு தெரியாம சாவணுமா? இந்த மனுசன் வாசல்ல நின்னாலும் நிக்கட்டும், இங்கியே இருந்துக்கறன்."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்கு ஒரு புத்தி உண்டு. எதையாவது பார்த்துவிட்டால் ஏன் என்று தோண்டாமல் விடாது. வடலூர் சபையில் பூசத்துக்கு ஜோதி பார்க்கப் போனால், எல்லோரும் ஜோதியைப் பார்ப்பார்கள், நான் திரையை இழுக்கிறவர் எங்கே நிற்கிறார் என்று தேடுவேன். அந்தப் புத்திக்கு ஒரு விஷயம் இடித்தது. காலையில் நான் தலை வாரும்போது இவள் நன்றாகத்தான் இருக்கிறாள். சிக்கெடுத்தால் திட்டக்கூடச் செய்கிறாள். எதிர்ப் பள்ளிக்கூடத்தில் இன்டர்வெல் மணி அடித்துப் பிள்ளைகள் கத்துகிறபோது இவள் பல்லைக் கடிக்கிறாள். மத்தியானச் சங்கு ஊதி மாத்திரை கொடுத்துக் கொஞ்சம் ஆனதும் கஞ்சி கேட்கிறாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மறுபடி சுருண்டுகொள்கிறாள். நோய் முற்றினால் நாள் முழுக்க அல்லவா வலிக்க வேண்டும்? இது என்ன, டைம் டேபிள் போட்டுக்கொண்டு வருகிறது?

புதன்கிழமையும் அதே மாதிரி. இன்டர்வெல் மணி அடித்தது, அவள் கை பாயைப் பிறாண்ட ஆரம்பித்தது. வலி தணிந்திருந்த மத்தியானம் அவளிடமே கேட்டேன்.

"ஏம் பொண்ணே, ஒனக்கு வலி நேரம் பாத்துகினு வருதே, கவனிச்சியா?"

"அரை ஷிப்டு ஆனா வரும் ஆயா," என்றாள், இதில் என்ன அதிசயம் என்கிற மாதிரி. கேண்டீனில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள் அல்லவா. கதை சொல்ல ஆரம்பித்தாள். ஷிப்டுக்கு உள்ளே போகும்போது ஆட்கள் டீ குடித்துவிட்டுத்தான் போவார்களாம். இருந்தாலும் அரை ஷிப்டுக்குக் கேனில் டீ ஊற்றி மைன்ஸுக்குள் அனுப்பியாக வேண்டுமாம். ஒரு நாள் கேன் ஏற்றின வண்டி சேற்றில் மாட்டி டீ போய்ச் சேரவில்லை. கன்வேயரில் இருந்த ஆட்கள் கேண்டீன் வாசலுக்கே வந்து கத்தியிருக்கிறார்கள்.

"வாசல்ல குடிச்ச டீ எட்டு மணி நேரத்துக்குப் பத்துமா?" என்றாள். "நடுவுல ஒண்ணு ஊத்தித்தான் ஆவணும். வெறும் டீக்கே அப்பிடின்னா."

அவள் கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. காலையில் ஆறு, நடுவில் பத்து; மத்தியானம் இரண்டு, நடுவில் ஆறு. நர்ஸம்மா சொன்ன ஐந்து வேளையை விரல் விட்டு எண்ணினேன். சங்குக்கு மூன்று, அரை ஷிப்டு டீக்கு இரண்டு. அச்சாக வந்து உட்கார்ந்தது. ராத்திரி இரண்டு மாத்திரை எதற்கு என்றும் புரிந்தது: நடுச்சாமத்தில் எழுப்பி டீ கொடுக்க வேண்டாம் என்பதற்கு.

வலி ஏறவில்லை. நான்தான் பாதி மருந்தை அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன்.

சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு துள்ளல், கண்டுபிடித்ததே என் திருட்டைத்தான் என்று ஒரு நடுக்கம். முதலில் அவளிடம்தான் சொன்னேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "எங்கூட வேல செஞ்சிருந்தா அன்னிக்கே ஒன்ன சூப்பர்வைசர் கேட்டுக்கு வெளிய அனுப்பி இருப்பான்," என்றாள். "போன் போட்டுச் சொல்லு, போ."

நர்ஸம்மா முழுக்கக் கேட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னது.

"ஆயா, மருந்து தீந்துரும்னு பயம் இருந்தா எங்கிட்டல்லா சொல்லணும்? எப்பாடு பட்டாவது நான் கொண்டாந்து தருவேன். நீங்க மிச்சம் பிடிச்சது மாத்திரையை இல்ல, அவங்க வலியை."

அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்குக் குத்தும். குத்தட்டும்.

விட்ட மாத்திரையை எல்லாம் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது, அடுத்த வேளையிலிருந்து சொன்னபடி கொடுங்கள் என்றது. வேனை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டது. வேன் வரட்டும், வெள்ளிக்கிழமை அவள் வாயாலேயே எத்தனை என்று சொல்லட்டும், அப்போது முடிவு செய்யலாம் என்றது. போனை வைப்பதற்கு முன்னால், அந்தச் சங்குக் கணக்கையும் டீக் கணக்கையும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டது. மணி பார்க்கத் தெரியாத மற்ற வீடுகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்ததாக அப்புறம் தெரிந்தது.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாத்திரை கொடுத்தேன். பத்துச் சங்குக்கு இரண்டு. வியாழக்கிழமை இன்டர்வெல் மணி அடிப்பதற்கு முன்னாலேயே தண்ணீரும் மாத்திரையுமாக நின்றேன். பிள்ளைகள் கத்தினார்கள். அவள் கை பாயில் சும்மா கிடந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னா, கைல எதுனா எழுதியிருக்குதா?" என்றாள்.

இருந்தாலும் அன்று ராத்திரி அவள் புருஷன் ஒரு பையில் இரண்டு புடவை, சீப்பு, டம்ளர் எல்லாம் எடுத்து வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்றார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஒரு நாள் நன்றாக இருந்தது போதுமா என்று.

வெள்ளிக்கிழமை காலைச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் வேன் வந்தது. வேன்காரர் முகத்தை மூடிக்கொண்டு, கையில் ஸ்ட்ரெச்சரோடு வாசலில் நின்றார். பச்சைப் பட்டனை அழுத்தி, போனை அவள் காதில் வைத்தேன். முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

பத்து மார்க்குக்கு எத்தனை என்று நர்ஸம்மா கேட்டது என் காதிலும் விழுந்தது.

"மூணு," என்றாள்.

போகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறீர்களா என்று கேட்டிருக்கும் போல.

"எட்டா இருந்தா ஒங்ககிட்ட இவ்வளவு நேரம் வாயாடுவனாம்மா? மூணுதான். நேத்து ராத்திரி ரெண்டா இருந்துச்சி. இந்த ஸ்ட்ரெச்சரப் பாத்ததும் ஒண்ணு ஏறிடுச்சி."

அந்தப் பக்கம் நர்ஸம்மா சிரித்தது. அப்புறம் வேன்காரரிடம் கொடுக்கச் சொன்னது. போனைச் சேலைத் தலைப்பால் துடைத்து, ஸ்டூலில் வைத்து, நான் பின்னால் தள்ளி நின்றேன். அவர் எடுத்துக் கேட்டார், சரிங்க சரிங்க என்றார், ஸ்ட்ரெச்சரை மடக்கினார்.

புருஷன் வாசல்படியிலேயே பையோடு நின்றுகொண்டிருந்தார். வேன் கேட்டைத் தாண்டுகிற வரை பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் திரும்பினார்.

"அதையே புடிச்சிகினு நிக்கறியே," என்றாள் அவள். "பொடவைய எடுத்து பீரோல வையி. கசங்கிடும்."

"எந்தத் தட்டுல?" என்று கேட்டார் அவர்.