காட்டிலிருந்து வந்த அரசாணிக்கால்

சிங்கப்பூரில் நான் நாள்தோறும் காலையில் நடக்கச் செல்லும் காட்டின் வாயிலில், நான்கு மொழிகளில் எழுதப்பட்ட அறிவிப்புப் பலகை ஒன்று நிற்கிறது. அதிலுள்ள தமிழ் என்னுடையது. பணி ஓய்வுக்குப் பின், பொது அறிவிப்புகளின் தமிழைச் சரிபார்த்துத் தரும் வேலை எனக்கு அவ்வப்போது வரும். அந்தப் பலகைக்கென வந்த வரைவில் ‘மரங்களை வெட்டாதீர்’ என்று மட்டுமே இருந்தது. நான் சட்டத்தை வாங்கிப் படித்தேன். பாதுகாக்கப்பட்ட காட்டில் எழுத்துவழி ஒப்புதல் இன்றி ஒரு கிளையையும் வெட்டக்கூடாது; இலை பறிக்கக்கூடாது; எதையும் வெளியே எடுத்துச் செல்லக்கூடாது. காற்றில் சாய்ந்த மரம் பாதையை மறித்தால் அறுத்து ஓரமாக ஒதுக்குவார்களே அன்றி அப்புறப்படுத்த மாட்டார்கள்; அது கிடந்த இடத்திலேயே மட்கி மண்ணாகும். இவற்றையெல்லாம் நான்கு வரிகளில் அடக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. பலகை நடப்பட்ட பிறகு, அதை ஒருமுறை படித்துவிட்டுத்தான் நடையைத் தொடங்குவேன். ஆகவே, சட்டம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் வழி எனக்கு இல்லை.

என் மகளின் திருமணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. எங்கள் வழக்கப்படி மணமேடையில் அரசாணிக்கால் நிற்க வேண்டும். அரசமரக் கிளை ஒன்றுக்குத் துணி சுற்றி, பொட்டிட்டு நிறுத்துவோம். மன்னன் நேரில் வர இயலாத இடத்தில் அவனுக்குப் பதிலாக நின்று அது சாட்சி சொல்லும் என்பது பழைய நம்பிக்கை. தோ பாயோவில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கோயிலின் அரசமரத்தைத் திருப்பணிக்காக மொட்டையாகக் கழித்துவிட்டிருந்தார்கள். டேக்கா சந்தையில் வாழைமரமும் மாவிலையும் விற்கும் கடைக்காரர் ஒரு காய்ந்த குச்சியை எடுத்து நீட்டினார்.

“இந்த வாரம் பச்சை வரலண்ணே. மஞ்சத் துணியச் சுத்திட்டா யாரு பாக்கப்போறா?”

மகள் அதற்கும் ஒருபடி மேலே போனாள். “அப்பா, பிளாஸ்டிக்கே ஓகே லா. போட்டோல பச்சையாத் தெரிஞ்சாப் போதும்.”

“உங்கப்பாகிட்ட போய்ப் பிளாஸ்டிக்னு சொல்றியே, இன்னிக்கு ராத்திரி சாப்பிட மாட்டாரு” என்றாள் என் மனைவி. இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சடங்கென்றால் அது முறைப்படி நடக்க வேண்டும் என்று நெடுநேரம் பேசினேன்.

மறுநாள் காலை காட்டுப் பாதையில் சாய்ந்து கிடந்த மரமொன்றைத் தொழிலாளர் சிலர் அறுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தனர். அவ்விடத்திலிருந்து சற்றுத் தள்ளி, பறவை எச்சத்தில் முளைத்திருக்கக்கூடிய இளம் அரசமரம் ஒன்று நின்றது. அதில் கைக்கெட்டும் உயரத்தில், மணமேடைக்கென்றே வளர்ந்ததுபோல் ஒரு நேரான கிளை. தொழிலாளருள் ஒருவர் தனியே நின்று அரத்தால் ரம்பத்தைத் தீட்டிக்கொண்டிருந்தார். நாற்பதைக் கடந்தவர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்பது பேச்சில் தெரிந்தது. கிளையைக் காட்டி, மகள் திருமணம் என்றேன்.

“ஐயோ, கூடாது சார். போர்டுல தெளிவாப் போட்டிருக்கே.”

“தெரியும் தம்பி. அந்தப் போர்டை எழுதுனதே நான்தான்.”

அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார். “நீங்களா சார்? சும்மா சொல்லாதீங்க. நாங்க எல்லாரும் நின்னு படிச்சோம் சார். மத்த எடத்துல தமிழ்னு எழுதியிருப்பான், தலையும் புரியாது, வாலும் புரியாது. இது நம்ம வாத்தியார் எழுதுன மாதிரி இருந்துச்சு.”

அந்தப் பாராட்டில் நான் நிமிர்ந்தேன். பிறகு, கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னேன். அந்த விதி வெளியாட்களுக்கு மட்டுந்தான். வேலைக்கு வந்தவர்கள் பாதையோரக் கிளையைக் கழிக்கலாம். சட்டத்தை நானே படித்திருக்கிறேன் என்றேன். உண்மையில் அது பாதையோரக் கிளை அன்று. வேலைக்கு வந்தவர்களும் ஒப்புதல் இல்லாத கிளையைத் தொடக்கூடாது. இவ்விரண்டும் அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

“நீங்களே சொல்றீங்கன்னா சரி சார்” என்றார். நான்கு இழுப்பில் கிளை கையோடு வந்துவிட்டது. வெட்டுவாயில் பால் கசிந்தது. “பொண்ணு நல்லா இருக்கட்டும் சார்” என்று இரு கைகளாலும் நீட்டினார். நான் அதை நாளிதழில் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

இருபது அடிகூடப் போயிருக்க மாட்டேன். பின்னால் மேற்பார்வையாளரின் குரல் எழுந்தது. அவரும் தமிழர்தான்.

“ஏய், யாரைக் கேட்டு இதுல கை வெச்ச? நேத்துத்தான படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? மேல ரிப்போர்ட் போனா உன் பெர்மிட்டே போயிரும், தெரியும்ல?”

நான் திரும்பிப் பார்த்தேன். அந்த மனிதரும் என்னைப் பார்த்தார். வாய் திறக்க எனக்கு நேரம் இருந்தது.

“பாதைல இடிக்கும்னு நானாத்தான் வெட்டினேன் சார்.”

“வெட்டுன கிளை எங்க?”

“உள்ள தூக்கிப் போட்டுட்டேன் சார்.”

நாளிதழை மார்போடு அணைத்துக்கொண்டு நான் வாயிலை நோக்கி நடந்தேன். பலகையின் பக்கம் திரும்பாமலே வெளியேறினேன்.

திருமணம் குறைவின்றி நடந்தது. “இவ்ளோ பசுமையான அரசாணிக்கால் சிங்கப்பூர்ல பாத்து எத்தன வருஷமாச்சு!” என்று குருக்கள் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். உறவினர் என்னைப் பார்த்துத் தலையசைத்தனர். தாலி கட்டும்போது நான் மகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் கண்ணோ அந்தக் கிளையைவிட்டு அகலவில்லை. அது சாட்சிக்காக நிற்பது என்பதை அன்றுவரை நான் பிறருக்குத்தான் விளக்கி வந்தேன்.

மறுநாள் காட்டைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குக் கடிதம் எழுத அமர்ந்தேன். மூன்று வரைவு எழுதினேன். மூன்றிலும் அந்தத் தொழிலாளி இருந்தார், சூழ்நிலை இருந்தது, சடங்கின் தொன்மை ஒரு முழுப் பத்திக்கு இருந்தது, பொய் சொன்ன நான் மட்டும் இல்லை. மூன்றையும் கிழித்துவிட்டு நேரில் போனேன். அதிகாரி என் மகள் வயதுப் பெண். நான் சொன்னதை முழுவதும் எழுதிக்கொண்டு, கடைசியில் தயங்கிக் கேட்டார்: “சார், எங்க போர்டுக்குத் தமிழ் செஞ்சு குடுத்தது நீங்கதானே?” ஆம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டது அவர்தான். பின்னர் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேலிடத்துக்குப் புகார் போய் விசாரணையில் இருந்த அந்த மனிதரின் வேலை அனுமதி தப்பியது. ஆனால், அவரைக் காட்டு வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மேற்பார்வையாளரிடம் கெஞ்சித் தொலைபேசி எண்ணைப் பெற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை டேக்காவில் அவரைச் சந்தித்தேன். தேநீர் வாங்கிக்கொண்டு நடைபாதையில் நின்றோம். இப்போது செங்காங்கில் சாலையோரம் புல் வெட்டுவதாகச் சொன்னார்.

“காட்டுல நிழல் இருந்துச்சு சார். இங்க மண்டை காயுது. பரவால்ல, ஊருக்கு அனுப்பாம விட்டாங்களே.” பிறகு, குற்றஞ்சாட்டும் தொனி ஏதுமின்றி, “நீங்க போயிச் சொன்னீங்களாம். நாலு நாள் முன்னாடி சொல்லியிருந்தா அவ்ளோ தூரம் போயிருக்காது, இல்ல சார்?” என்றார்.

“கல்யாணம் முடியட்டும்னு இருந்துட்டேன் தம்பி.”

“அதான் சார் நானும் வாயத் தொறக்கல.”

நான் மன்னிப்புக் கேட்பதற்காக வீட்டில் ஒத்திகை பார்த்துவந்த வாக்கியம் அதற்குப் பிறகு பொருந்தவில்லை. அவர் அதற்காகக் காத்திருக்கவுமில்லை.

“போட்டோ இருக்கா சார்?”

கைப்பேசியை நீட்டினேன். மணமக்களை ஒரு கணம் பார்த்து, “மகராசியா இருக்கட்டும்” என்றார். பிறகு இரு விரல்களால் படத்தைப் பெரிதாக்கி, அவர்களுக்குப் பின்னால் எதையோ தேடினார். புல்வெட்டும் கருவி கன்றிப்போகச் செய்த விரல்கள். தேடியது கிடைத்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“இந்தா நிக்குது பாருங்க சார், நம்ம கிளை.”