சளியோடு ஓடிய காலை

எழுபதுகளின் கடைசியில், போலீஸ் தேர்வுக்காக நானும் அண்ணனும் விடியற்காலையில் ஆரணியிலிருந்து சேவூர் வரை ஓடுவோம். ஒருநாள் அண்ணனுக்கு மூக்கு ஒழுகியது.

"இன்னிக்கி வேணாம்டா, தொண்ட வலிச்சிகினே கீது" என்றார்.

தனியாக ஓட எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான் காரணம். "வேர்த்தா சளி போயிடும், வாண்ணா" என்று இழுத்துப் போனேன்.

திரும்பியதும், தறியிலிருந்த புடவையை அன்றே முடிக்க வேண்டுமென்று, வேர்வை காயாமலே ஈரம் கசியும் தறிக்குழியில் காலைவிட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. ஒரு மாதம் கழித்து எழுந்தபோது, தெருமுனைக்குப் போவதற்குள் மூச்சு வாங்கியது.

தேர்வுக்கு முதல் நாள் தன் கேன்வாஸ் ஷூவை என்முன் வைத்தார்.

"போட்டுப் பாரு, உனுக்குப் பத்துதா?"

சரியாக இருந்தது. கடிக்கிறது என்று சொல்லிக் கழற்றிவிட்டேன். மறுநாள் வெறுங்காலோடு ஓடினேன்.