ஜெரோஷன் அன்று எங்கே இருந்தான்?

90. இந்த எண்ணை மறக்க வேண்டாம். தொண்ணூறு நிமிடம். காத்திருப்புப் பணியில் இருக்கும் விமானியைக் கம்பனி தொலைபேசியில் கூப்பிட்டால், அந்த நேரத்துக்குள் அவர் டென்மார்க்கின் பில்லுண்ட் விமான நிலையத்தில் சீருடையோடு நிற்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் மனிதர் வீட்டில் சும்மா இருப்பதுபோலத் தெரியும். சும்மா இல்லை. கழுத்தில் கயிறு இருக்கிறது. கயிற்றை நீளமாக விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜெரோஷன் கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொயில் வளர்ந்தவன். பள்ளிக்கூடம் முடிந்ததும் கஸ்ட்ரூப் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றினான். பிறகு றொஸ்கில்டவில் பறக்கப் படித்தான், படித்த இடத்திலேயே மற்றவர்களுக்கும் பழக்கினான். பழக்குவதில் ஆசை ஒன்றும் இல்லை. பறந்த மணித்தியாலம் சேர்ந்தால்தான் கம்பனிகள் கதவைத் திறக்கும். கடைசியில் ஒரு சின்னக் கம்பனி திறந்தது. இரண்டு புரொப்பெல்லர் வைத்த விமானங்கள், குறுகிய தூரப் பறப்புகள். வலப்பக்க இருக்கை துணை விமானிக்கு, இடப்பக்கம் கப்டனுக்கு. நடுவில் ஒரு கை அகலம்தான் இடைவெளி. அதைக் கடக்கும் வரிசையில் முன்னுக்கு வர அவனுக்கு ஆறு வருடம் பிடித்தது.

அந்த ஆறு வருடத்துக்குள் கம்பனி தன் கொப்பன்ஹேகன் தளத்தை மூடிவிட்டு நாட்டின் மேற்கே யூலாந்துப் பக்கம், பில்லுண்டுக்குப் போனது. விமானிகளை வேறொரு நிறுவனத்தின் ஊடாக ஒப்பந்தக்காரர்கள் ஆக்கியது. ஒப்பந்தக்காரனுக்குச் சங்கம் இல்லை. இதைத் தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

மனைவி மிரியத்துக்குத் தலைநகரில் தாதி வேலை. மகள் செலீனா பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில். ஹ்விடோவ்ரேயில் இருக்கும் வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே ஜெரோஷன் சில்க்போர்க்கில் பரமேஸ்வரி என்ற அக்காவின் வீட்டு நிலவறையில் ஓர் அறை எடுத்தான். அங்கிருந்து பில்லுண்டுக்கு ஒரு மணித்தியாலம். காத்திருப்புப் பணிக்கு முதல் நாளே அங்கே வந்துவிடுவதாகக் கம்பனிக்கு எழுதிக் கொடுத்திருந்தான். பணி முடிந்ததும் கடல்மேல் போட்ட பெரிய பெல்ற் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு ஓடுவான். இதுதான் அவன் வாழ்க்கை.

இந்த வசந்தத்தில் கப்டன் பயிற்சிக்கு அவன் பெயர் வந்தது. பயிற்சி தொடங்க இரண்டு கிழமை இருக்கும்போது அவன் என் வீட்டு மணியை அடித்தான்.

"மாமா, என்னை ஒரு சம்தேலவுக்குக் கூப்பிட்டிருக்கிறாங்கள். துணையாளா ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வரலாமாம். நீங்கள் வருவீங்களோ?"

சம்தேல என்றால் உரையாடல். நான் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த காலம் முழுக்க இந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். டென்மார்க்கில் முதலாளி சத்தம் போட்டால் பயப்படத் தேவையில்லை. உரையாட வேண்டும் என்றால்தான் பயப்பட வேண்டும்.

"என்னத்தைப் பற்றி?"

"போன மாசம் காத்திருப்பில நிண்ட நாள் நான் எங்க இருந்தனான் எண்டு."

"எங்க இருந்தனி?"

"சில்க்போர்க்கில."

"எனக்கும் அதைத்தானோ சொல்லப்போறாய்?"

அவன் சப்பாத்தைப் பார்த்தான். பிறகு சொன்னான். செலீனாவுக்குக் காய்ச்சல். மிரியத்துக்கு இரவு வேலை. பிள்ளையை விட்டுப் போக மனம் வரவில்லை. காலையில்தான் வெளிக்கிட்டான். பாலத்தில் ஏறும்போது கம்பனி கூப்பிட்டது. சில்க்போர்க்கில்தானே நிற்கிறாய் என்று கேட்டார்கள். 'யா', ஓம் என்று சொல்லிவிட்டான்.

"ஆனா பிந்தேல்லை மாமா. தொண்ணூறுக்குள்ள போய்ச் சேந்திட்டன். ஒழுங்கா ஓடினன், ஒழுங்கா இறக்கினன்."

"அதை விடு. இது ஆருக்குத் தெரியும்?"

"எனக்கும் மிரியத்துக்கும்."

"பரமேஸ்வரிக்கு?"

"அக்கா சொல்லமாட்டா."

"சொல்லமாட்டினம் எண்டு நாங்கள் நம்புற ஆக்கள்தான் சொல்லுறது."

பரமேஸ்வரிக்குத் தொலைபேசி எடுத்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். மனுசி வெடித்தார்.

"என்ன கதை கதைக்கிறியள் அண்ணை? அந்தப் பொடியன் வராத நாளிலயும் கோப்பையில சோறு போட்டு மூடி வைக்கிறனான். ஆரும் வந்து கேட்டா, இந்தா இப்பதான் வெளிய போனவன் எண்டு காட்ட. நானோ காட்டிக் குடுக்கிறது?"

"அந்தச் சோத்தை ஆர் சாப்பிடுறது?"

"எங்கட மனுசன் தேவராசாதான். உங்கட கம்பனியால அவருக்குத்தான் வயிறு வைச்சிட்டுது."

பரமேஸ்வரியைச் சந்தேகத்திலிருந்து விடுவித்தேன். அடுத்தது ராஸ்முஸ். ஜெரோஷனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் துணை விமானி, பயிற்சி இடம் காலியானால் அவனுக்குத்தான் போகும். நல்லவன் என்று ஜெரோஷன் சொன்னான். வரிசை நகரும்வரை எல்லாரும் நல்லவர்கள்தான்.

ராஸ்முஸைப் பற்றி மேலும் விசாரிக்க ஹ்விடோவ்ரே வீட்டுக்குப் போனேன். ஜெரோஷனின் தாய் இன்பமலர் கோப்பி கொண்டுவந்து வைத்தார். நான் ராஸ்முஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி முடிக்கும்போது, மிரியம் தன் கைத்தொலைபேசியை என் முன்னால் வைத்தாள்.

அதில் அவர்களுடைய பெந்தெகொஸ்தே சபையின் ஞாயிறு ஆராதனை. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கர்த்தர் உனக்கு ஒரு நன்மை செய்தால் நீ எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். மறைத்தால் அது கர்த்தருக்குச் செய்கிற துரோகம். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு இன்பமலர் நின்றார்.

"போன செவ்வாய் காலமை, என்ர மகன் பாலத்தில நிக்கிறான். பெருங்காத்து. பாலத்தைப் பூட்டப்போறம் எண்டு பலகையில போட்டுட்டாங்கள். வேலையால கோல் வருது எண்டு மருமகள் சொல்லுறா. நான் இஞ்ச முழங்காலில நிண்டனான். கர்த்தர் காத்தை அடக்கினார். அவன் நேரத்துக்குப் போய் பிளேனை எடுத்தான். அல்லேலூயா!"

கீழே டெனிஷ் மொழியில் எழுத்து ஓடியது. நாள், பாலம், அழைப்பு, ஒன்றும் விடவில்லை. சபைப் பொடியள் அதை இணையத்தில் போட்டிருந்தார்கள். கம்பனியில் பணிநேரம் ஒதுக்கும் பெண் ஒருத்தி கீழே, 'இது எங்கள் ஜெரோஷன்!' என்று எழுதி ஓர் இதயமும் போட்டிருந்தாள்.

"நான் கர்த்தருக்குத்தானே சொன்னனான். கம்பனிக்குச் சொன்னனானே?" என்றார் இன்பமலர்.

"கர்த்தருக்கு டெனிஷ் எழுத்து எதுக்கம்மா?" என்றான் ஜெரோஷன்.

"அது உங்களை மாதிரித் தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளையளுக்கு."

அவன் சிரித்துவிட்டான். தாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

உரையாடல் பில்லுண்டில் நடந்தது. தளத்தின் தலைமை விமானி கார்ஸ்டன் கோப்பி ஊற்றினார், கறுவா போட்ட பணிஸ் வைத்தார். கத்தியைக் காணாதபோது நான் மேசைக்குக் கீழே பார்க்கிறவன்.

காணொளியைப் பார்த்ததாகச் சொன்னார். பிறகு மிகவும் தன்மையாக ஒரு வழி காட்டினார். வயதான தாய்மார் நாட்களைக் குழப்புவது சகஜம். வேறொரு நாள் நடந்ததை அம்மா மாற்றிச் சொல்லிவிட்டார் என்று ஜெரோஷன் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும், விசயம் முடிந்தது, பயிற்சி திங்கட்கிழமை தொடங்கும்.

யோசிக்க நேரம் கேட்டேன். அறைக்கு வெளியே, ஒடுங்கிய நடைகூடத்தில் இருவரும் நின்றோம்.

"எழுதிக் குடு. ஒரு வரிதானே. முதல்ல கப்டனாகு. மிச்சத்தைப் பிறகு பாப்பம்," என்றேன்.

"அம்மா சபையில பொய்ச்சாட்சி சொன்னவ எண்டு நான் கையெழுத்து வைக்கிறதோ?"

"அது உன்ர சபைக்கு என்னண்டு தெரியவரும்?"

"சபையில சொன்னது இவங்களுக்கு என்னண்டு தெரியவந்தது மாமா?"

அவன் விடவில்லை.

"அதோட, நான் பொய்யில கையெழுத்து வைச்சா அந்தக் கடுதாசி ஆரின்ர மேசை லாச்சியில கிடக்கும்? நாளைக்கு நான் களைப்பு எண்டு ஒரு பறப்பை மறுத்தா, அதைத்தானே எடுத்துக் காட்டுவாங்கள்? யா எண்டு ஒரு பொய் சொன்னன். அது என்ர பிழை. ரெண்டாவது வேண்டாம்."

நான் சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகப்படாமல் நின்றேன், அவன் சந்தேகப்பட்டுவிட்டான்.

உள்ளே போய் டெனிஷில் சொன்னான். அம்மா சொன்னது சரி. அன்று நான் பாலத்தில் இருந்தேன். சில்க்போர்க்கில் நிற்பதாகச் சொன்னது பொய்.

கார்ஸ்டனின் முகத்தில் கவலை தெரிந்தது. உண்மையான கவலையா என்று எனக்குத் தெரியாது. நேர்மைக்கு நன்றி சொன்னார். கப்டன் பயிற்சி திரும்பப் பெறப்படுகிறது, வலப்பக்க இருக்கை இருக்கும் என்றார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். மற்ற விமானிகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு, எனக்குத் தெரிந்ததையும் அடுக்கினேன். கப்டன் ஒருவர் ஸ்பெயினில் குடும்பத்தோடு இருக்கிறார். ராஸ்முஸின் வீடு சுவீடனில், மல்மோவில். ஜெரோஷனை விட ராஸ்முஸ் ஒரு பாலம் கூடக் கடக்கிறான்.

"இன்று நாங்கள் ஜெரோஷனைப் பற்றி மட்டும்தான் உரையாடுகிறோம்," என்றார் கார்ஸ்டன்.

திரும்பும் வழியில் ஜெரோஷன்தான் கார் ஓட்டினான். இடையில் தாய் அழைத்தார். என்ன நடந்தது என்று கேட்டார்.

"இந்தமுறை கிடைக்கேல்லை அம்மா."

"நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்."

"நீங்கள் உள்ளதைத்தானே சொன்னனீங்கள். நானும் உள்ளதைச் சொல்லிப்போட்டு வாறன். செலீனாவுக்குச் சாப்பாடு குடுத்தாச்சே?"

பயிற்சி இடம் ராஸ்முஸுக்குப் போனது. அவன் இப்போது இடப்பக்கம் இருக்கிறான், வீடு இன்னும் மல்மோவில். ஜெரோஷன் காத்திருப்புப் பணிக்கு முதல் நாளே சில்க்போர்க்குக்குப் போய்விடுகிறான், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும்.

நான் விடவில்லை. அந்தத் தளத்தில் பறக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்கள். காத்திருப்பு நாளில் எங்கே இருந்தாய் என்று கம்பனி கூப்பிட்டுக் கேட்ட விமானிகளின் எண்ணிக்கை: 1.