தாத்தாவின் முதுகுக்கு ஓர் இடம்

உங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா குளியலறைக் கல்லில் வழுக்கி விழுந்த வருஷம் மூத்தவள் மூன்றாம் வகுப்பு, சின்னவன் ஒன்றாம் வகுப்பு. உங்களுக்கு நினைவிருப்பதெல்லாம் அவர் காலில் கட்டித் தொங்கவிட்டிருந்த மணல் மூட்டைதான். அதற்குப் பிறகு நடந்ததை நான்தான் எழுத வேண்டும். உங்கள் அம்மா சொன்னால் என் பங்கைப் பாதியாகக் குறைத்துவிடுவாள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: எலும்பு தானாகக் கூடிவிடும், பயம் அதில் இல்லை. படுத்தபடியே கிடந்தால் முதுகில் புண் வரும். இந்த வயதில் புண் வந்தால் ஆளையே கொண்டுபோய்விடும். மூன்று நான்கு மாதம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், துடைக்க வேண்டும், பிறகு நடக்கப் பழக்க வேண்டும்.

ஆம்பூரில் அப்போது நாம் இருந்தது மாடி வீடு. படிக்கட்டில் அரிசி மூட்டை ஏறினால் ஆள் இறங்க முடியாது. நான் தோல் பதனிடும் டேனரிக்கு வேலைக்குப் போக வேண்டும். உங்கள் அம்மா மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர், கோடை விடுமுறையில் மிச்சம் பதினைந்து நாள்தான். வடக்கே வேலை பார்த்த உங்கள் மாமா, தினமும் ஜெபிக்கிறேன் என்று இன்லண்ட் லெட்டர் போட்டார். எங்கள் சபைப் போதகர்தான் மெதுவாக, முதியோரை வைத்துப் பார்க்கும் இல்லங்கள் இந்தப் பக்கத்தில் மூன்று இருக்கின்றன என்று சொன்னார்.

உங்கள் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பாட்டி சாகும்போது அவரிடம், நைனாவை (அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்) அடுத்தவர் கையில் விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் நாள் தட்டை நகர்த்திவிட்டு என்னிடம் சொன்னாள்.

"நீங்க தோல் பாக்கற ஆளுதானே. போய்ப் பாத்துட்டு வாங்க. அவரு முதுகுல ஒரு புண்ணு வந்தாலும் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

என் வேலை உங்களுக்குத் தெரியும். எட்டாவதோடு படிப்பு நின்றது. பதினைந்து வருஷமாகத் தோல் தரம் பிரிக்கும் மேஜையில் இருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து, கையால் ஒரு தடவு தடவி, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று சொல்ல வேண்டும். விற்கிறவர்கள் நல்ல தோலைக் கட்டின் மேலே வைத்து, ஓட்டை விழுந்ததை நடுவில் சொருகி அனுப்புவார்கள். அதனால் நாங்கள் மேல் தோலைப் பார்க்கவே மாட்டோம். நடுவில் கையை விட்டு உருவுவோம்.

முதல் இல்லத்திலும் அப்படியே செய்தேன். சூப்பரிண்டெண்ட் முன் ஹாலைக் காட்டினார். அதைப் பார்க்காமல் கடைசிக் கட்டில் எது என்று கேட்டேன். அலமாரியில் அடுக்கி வைத்திருந்த போர்வைகளின் நடுவில் கையை விட்டு ஒன்றை இழுத்தேன். அடுக்கு முழுக்கச் சரிந்து அவர் காலில் விழுந்தது. போர்வை சுத்தமாகவே இருந்தது. சாம்பாரில் பருப்பும் இருந்தது. வாடை இருக்கிறதா என்று கட்டாயம் பார், மூத்திர வாடை அடித்தால் கவனிப்பு இல்லை என்று அர்த்தம் என்று டேனரியில் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் கண்ணை மூடிக்கொண்டு நாலு முறை நன்றாக மூச்சை இழுத்தேன். ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு வந்து, முதல் தரம், வாடை என்ற பேச்சே கிடையாது என்று அறிவித்தேன்.

மறுநாள் உங்கள் அம்மாவை அழைத்துப் போனேன். வாசற்படியில் ஒரு காலை வைத்தவள், அந்தக் காலை அப்படியே திரும்ப எடுத்தாள். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"இன்னா ஆச்சு?"

"உங்களுக்கு மூக்கு இருக்குதா?"

"ஏன், நல்லா இழுத்துத்தானே பாத்தேன்."

"தோல் ஊறற சுண்ணாம்புக் குழி பக்கத்துல ஒக்காந்து டிபன் சாப்புடற ஆளை அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவள் சொன்னது நியாயம். எங்கள் டேனரி ஆட்கள் யாருக்கும் மூக்கு வேலை செய்யாது. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறினால் மூன்று பேர் உட்காரும் சீட்டில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். உழைத்துக் களைத்து வருகிறோம் என்று மரியாதை தருகிறார்கள் என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன். மூக்கு இல்லாத ஒருவனை, மூக்கு இல்லாத பத்துப் பேர், வாடை பார்த்து வா என்று அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டாவது இல்லத்தைப் பார்க்கப் போனதற்குத் தலைமை உங்கள் அம்மா. அவள் மூக்கு முன்னே போக, நான் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னே போனேன். பாலாற்றுக்கு அந்தப் பக்கம், வழவழவென்று மொசைக் தரை, பூப்போட்ட திரை. டெட்டால் மணக்கிறது என்று உங்கள் அம்மா காதில் சொன்னாள். அவள் முகம் ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் தெளிந்தது. மேட்ரன் அம்மாவும் இவளும் ஒரே பள்ளியில் படித்தவர்களாம். இருவரும் பழைய டீச்சர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். விண்ணப்பத்தாள் மேஜைக்கு வந்துவிட்டது.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கடைசிக் கட்டிலுக்குப் போனேன். ரிடயர்டான தலைமை ஆசிரியர் ஒருவர் மல்லாந்து கிடந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. வணக்கம் சொல்லிவிட்டு, பாதத்தைத் தொடலாமா ஐயா என்று கேட்டேன். ஆசீர்வாதம் வாங்க வந்த பழைய மாணவன் என்று நினைத்துச் சந்தோஷமாக நீட்டினார். குதிகாலைத் தொட்டதுமே என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஈரத்தில் ரொம்ப நாள் கிடந்த தோல் அப்படித்தான் இருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அழுத்தினால் பொதபொதவென்று உள்ளே போகும். விரலால் அழுத்தி எடுத்தேன், குதிகாலின் லேசான சிவப்பு வெளுக்கவில்லை, புண் தொடங்கிவிட்டது.

"கடைசியா எப்போ ஐயா திரும்பிப் படுத்தீங்க?"

அவர் யோசித்தார். "ஞாயித்துக்கிழமை" என்றார்.

அன்று வியாழன். ஞாயிற்றுக்கிழமை அவர் மகன் வந்து போயிருக்கிறான். நான் உங்கள் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து அவரை மெல்லச் சாய்த்து, சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். அங்கே புண்ணே வந்திருந்தது. சட்டையை இறக்கிவிட்டாள். மேட்ரனிடம் அவரைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, விண்ணப்பத்தாளை மேஜையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். அந்த மகனுக்கு அன்று சாயங்காலமே கடுதாசி எழுதினாள். பஸ்ஸில் ஆம்பூர் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போனதைப் பற்றி நாங்கள் இருவரும் கவலைப்படவில்லை.

மூன்றாவது இல்லம் பார்வைக்கு ஒன்றுமில்லை. ஒரு கோயில் காம்பவுண்டுக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட நீளமான கூடம், பன்னிரண்டு கட்டில். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிடயரான ஒரு சிஸ்டர் நடத்தினார். குள்ளமான உருவம், தெரு முனை வரைக்கும் கேட்கிற குரல். உங்கள் அம்மா வாசலில் நின்று மூக்கால் சோதித்தாள். கொஞ்சம் பினாயில், கொஞ்சம் மண்ணெண்ணெய், யாரோ ஒருவர் பீடி. மற்றபடி போகலாம் என்று தலையசைத்தாள். ஒவ்வொரு கட்டில் காலிலும் ஒரு ஸ்லேட்டு தொங்கியது. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டினார்கள் என்று அதில் சாக்பீஸால் எழுதியிருந்தது. எழுத்தை நான் நம்பவில்லை. டேனரிக்கு வரும் தோல் கட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் எல்லாமே முதல் தரம் என்றுதான் எழுதியிருக்கும்.

முதுகைப் பார்க்க வேண்டும் என்றேன். டாக்டரா என்று சிஸ்டர் கேட்டார். டேனரியில் தோல் செலக்ஷன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குழாயடிக்கு அனுப்பினார். கழுவிக்கொண்டு வந்தேன். கையை முகர்ந்து பார்த்து மறுபடி அனுப்பினார். மூன்றாம் தடவைதான் விட்டார்.

கடைசிக் கட்டிலில் பேர்ணாம்பட்டுப் பக்கத்து பாய் ஒருவர், வெள்ளைத் தாடி, இடது பக்கம் வாதம். சட்டையைத் தூக்கி முதுகில் மெதுவாகத் தடவினேன். இடுப்புக் குழி, தோள்பட்டை, குதிகால் எல்லாம் பார்த்தேன். அவர் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"இன்னா தம்பி, நம்மளை வெலைக்குக் கேக்கறியா?"

"இல்லிங்க பாய். தரம் பாக்கறேன்."

"அப்ப சொல்லு. இன்னா தரம்?"

எழுபது வயதுக்கு மேல், இரண்டு வருஷமாகப் படுக்கை. ஒரு கன்றல் இல்லை, ஒரு சிவப்பு இல்லை. எண்ணெய் தடவித் துடைத்த தோல், அழுத்தினால் உடனே மேலே வந்தது.

"முதல் தரம்" என்றேன்.

அவர் அதைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொன்னார். அங்கேதான் நான் தப்புச் செய்தேன். பக்கத்துக் கட்டில்காரர் உடனே சட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருக்களித்தார். எதிர்க் கட்டிலில் இருந்தவரும் திரும்பினார். கம்பு ஊன்றி நடக்கிற ஒருவர், தனக்குப் படுக்கைப் புண் வர வழியே இல்லாதவர், அவரும் வந்து வரிசையில் நின்றார். பார்க்காவிட்டால் மனம் கோணுவார்களே என்று பார்த்தேன். அவருக்கும் அடுத்து நாலாவதாக வந்தவருக்குச் சின்ன வயதில் அம்மை போட்ட தழும்பு. பழக்க தோஷத்தில் வாயிலிருந்து இரண்டாம் தரம் என்று வந்துவிட்டது.

அவர் சட்டையை இறக்கவே இல்லை. "இன்னா கொறைய கண்டுட்ட? பாய்க்கும் எனக்கும் ஒரே எண்ணெதானே தேய்க்கறாங்க?"

தழும்பு பிறகு வந்த கோளாறு இல்லை, சரக்கு வரும்போதே இருந்தது, அதற்குச் சிஸ்டர் பொறுப்பில்லை என்று விளக்கினேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. சிஸ்டர் வந்து, அவரும் முதல் தரம்தான், இந்த ஆளுக்குக் கண் கம்மி என்று தீர்ப்புச் சொல்லி என்னை வெளியே அனுப்பினார். உங்கள் அம்மா அங்கேயே கையெழுத்துப் போட்டாள்.

உங்கள் தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காட்பாடி ஜங்ஷனில் முப்பது வருஷம் சிக்னல் கேபினில் இருந்து ரயில்களின் நேரம் பார்த்தவர். எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. எங்கள் கல்யாணச் சாப்பாட்டையே, பரவாயில்லை என்றுதான் சொன்னார். அவரைச் சேர்த்துவிட்டு வரும்போது உங்கள் அம்மா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், ஒரு மாதம் பார்ப்பேன், நைனா ஒரு வார்த்தை குறை சொன்னாலும் வண்டி வைத்துக் கூட்டி வந்துவிடுவேன், வேலையை ராஜினாமா செய்தாலும் சரி. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் இருப்பது நடக்கிற காரியமா என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

அந்த மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். உங்கள் அம்மா முதலில் முதுகைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்க்கச் சொன்னாள். எந்தக் குறையும் இல்லை. எப்படி இருக்கு நைனா என்று கேட்டதுதான் தாமதம், அவர் அரை மணி நேரம் பேசினார். ரசத்தில் உப்புக் கம்மி. சிஸ்டருக்கு வாய் ஜாஸ்தி. வலிக்கிறது என்றாலும் பிடித்து நிறுத்தி நடக்க வைக்கிறார்கள். பாய் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறார்.

"மனுஷனைத் தூங்க வுடறாளா? ரெண்டு மணிக்கொரு தரம் வந்து பொரட்டறா. அதுலயும் நேத்து நாலு மணிக்கு வர வேண்டியவ பத்து நிமிஷம் லேட்டு. கேட்டா சிரிக்கறா."

உங்கள் அம்மா எழுந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்து, அவருடைய வேட்டிகளை மடித்து உள்ளே வைக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் நின்றது. தாத்தா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா பண்ற?"

"வூட்டுக்குப் போலாம் நைனா."

"வூட்ல என்னை யாரு பொரட்டறது? இவனா?" என்று என்னைக் காட்டினார். "மாப்ள ஷிஃப்ட்டுல இருப்பான், நீ கிளாஸ்ல இருப்ப. நாலு மணி வண்டியே வராது. வேட்டியை எடுத்த எடத்துல வையி."

உங்கள் அம்மா பெட்டியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து அழுதாள், நடுவில் சிரிப்பும் வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கடிகாரத்தில் மணி நாலைப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தார். சிஸ்டர் வந்துகொண்டிருந்தார்.

"இன்னிக்கு ரைட் டைம்" என்றார் தாத்தா, புரண்டு படுக்கத் தயாராகி.