உப்பு ஏறிய பலகை

ஆதியம்மாளை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவள் செய்த ஒரே தப்பு நல்லெண்ணத்தில் செய்தது. அதை அவளிடமே போட்டு உடைத்தவன் நான்தான். தச்சனுக்குக் கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது என்று என் மனைவி சொல்வது சரிதான்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரம் ஒரு பழைய பங்களா. வெள்ளைக்காரன் கட்டியது, மாடியில் தேக்குப் பலகைத் தளம். அங்கே குடியிருந்தவர் சகுந்தலா அம்மாள். பின்னால் இருந்த மீனவர் குப்பத்திலிருந்து வந்து வேலை செய்தவள் ஆதியம்மாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பங்களாவின் கிழட்டு நாய் ஜானிதான் அவளுக்கு எல்லாம். தன் கஞ்சியில் பாதியை அதற்கு ஊற்றிவிட்டுத்தான் குடிப்பாள்.

எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில், இடிக்குப் பயந்து, ஜானி மாடியில் இரண்டு முறை மூத்திரம் போய்விட்டது.

"தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டார் வராங்க. அதுக்குள்ள நாத்தம் போகலைன்னா நாய் இங்க இருக்காது" என்றார் சகுந்தலா அம்மாள்.

ஆதியம்மாள் குடத்தோடு கடலுக்கு ஓடினாள். குப்பத்தில் கட்டுமரத்தைக் கடல் தண்ணீரில்தான் கழுவுவார்கள், கவிச்சியே தங்காது. மரத்துக்கு மருந்து அதுதான் என்று நம்பி, குடம் குடமாக ஊற்றித் தேய்த்தாள். காய்ந்ததும் நாற்றம் போனது. ஈரக்காற்று அடித்ததும் திரும்பி வந்தது. மறுபடி ஊற்றினாள். ஜானியைத் தன் குடிசையிலேயே கட்டிப்போட்டாள். அப்படியும் மாடி நாறியது.

"அம்மா, பத்து நாளா அவன் மாடி ஏறவே இல்லம்மா. என் வூட்லதான் கட்டிப் போட்டுக்கீறேன்."

"பொய் சொல்லாதே. என் மூக்கா பொய் சொல்லுது?"

"அப்ப எனக்கே குடுத்துடுங்கம்மா."

"உன் குடிசை பின்னாலதானே இருக்கு? மறுபடி இங்கதான் வரும்."

டிரைவர் துரை ஜானியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ச் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் விட்டுவிட்டு வந்தான். ஆதியம்மாள் இரண்டு முறை பஸ் ஏறிப் போய்த் தேடினாள். கிடைக்கவில்லை.

நாய் போயும் நாற்றம் போகவில்லை. கார்த்திகை மழையில் மாடியே நாறியது. பலகையை மாற்ற என்னைக் கூப்பிட்டார்கள். பெயர்த்துப் பார்த்தால், ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்து, தொட்டால் பிசுபிசுத்தது.

"கடல் தண்ணி ஊத்தினியா, ஆதியம்மா?"

"ஆமா ஆசாரி. கட்டுமரத்த அதுலதான கழுவறோம்?"

"கட்டுமரம் வெயில்ல கெடந்து காயுது. இது மூடின வூடு. ஏறின உப்பு, காத்துல கீற ஈரத்த இழுத்துகினே இருக்கும். ஈரம் பட்டா பழைய நாத்தமும் எழுந்துக்கும். புளிச்ச காடித் தண்ணில துணிய நனைச்சி, ஒட்டப் புழிஞ்சி தொடைச்சி, நல்லா காயவுட்டு, மேலாக்க இழைச்சிருந்தா போயிருக்கும். மூணு நாள் வேல."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"அப்ப அவன் மேல தப்பே இல்ல. நான்தான் அவன தொரத்திட்டேன்" என்றாள்.

பெயர்த்த பலகைகளில் ஒன்றைக் கேட்டு எடுத்துப் போனாள். அடுப்பெரிக்க என்று நினைத்தேன். அடுத்த ஐப்பசியில் ஒருநாள் மழைக்கு அவள் குடிசையில் ஒதுங்கினேன். அந்தப் பலகை அவள் பாய்க்குப் பக்கத்தில் கிடந்தது. குடிசை முழுக்க அதே நாற்றம்.

"இன்னா ஆதியம்மா, இத எடுத்து வெளிய போடக் கூடாதா?" என்றேன். என் வாய் சும்மா இருந்தால்தானே.

"இருக்கட்டும் ஆசாரி. மழ வந்தா அவன் வந்தாப்ல கீது."